கேட்டில் வைத்துவிட்டுப் போகும் ஃபோன்

புனேயில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது. வெடிமருந்து நிரப்பும் இடம். ஃபோன் மட்டுமில்லை, தீப்பெட்டி, சேஃப்டி பின், கொண்டை ஊசி எதுவும் கூடாது. காலையில் கேட்டில் ஃபோனை அணைத்து, மர அலமாரியில் எனக்கென்று இருக்கும் பொந்தில் வைத்துவிட்டு, பெண் காவலர் தடவிப் பார்த்த பிறகு உள்ளே போனால், சங்கு ஊதி ஷிஃப்ட் முடியும்வரை வெளியே என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. அப்பா பணியில் இருக்கும்போது இறந்ததால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் ஃபோன் இல்லாதது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. சொல்லப்போனால் சுகமாகவே இருந்தது. குடியாத்தத்திலிருந்து நாத்தனார் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள்; அவளுக்குக்கூட அந்தச் சுவரைத் தாண்ட வழியில்லை.

என் வீட்டுக்காரருக்கு மனச்சோர்வு நோய் வந்த பிறகுதான் அந்தப் பொந்தில் ஃபோனை வைக்க மனசு வராமல் போனது.

இதை எழுதுவதற்குக் காரணம் கேன்டீனில் நடந்த ஒரு பேச்சு. வேறு செக்ஷனில் வேலை செய்யும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒங்க வூட்டுக்காரர எங்க காட்னீங்க அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். யாருக்காகக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவசரமாகச் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் தேவராஜ். தளேகாவில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கலகலப்பான ஆள் என்று பொய் சொல்லமாட்டேன். எப்போதும் அளந்து பேசுகிறவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போனால் கடைக்காரனோடு ஒரு கால்மணி நேரம் வம்பு பேசி, நெஞ்செலும்பை இனாமாக வாங்கிக்கொண்டு வருவார். அந்த வம்பு நின்றது முதல் அடையாளம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, வயசாகிறது, அடங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

பிறகு தூக்கம் போனது. விடியும் முன்பே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்வதை விட்டார். வேண்டுமென்றே ஒருநாள் உப்பே போடாமல் குழம்பு வைத்தேன், அதையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். என்னாச்சு என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"ஒண்ணுமில்ல."

அந்த வார்த்தையை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கட்டத்தில் அதைக் கேட்டாலே கோபம் வந்தது.

ஒருநாள் காலை, பஸ் நிறைய ஆட்களோடு தளேகாவ் போகும் வழியில், பழைய ஹைவேயின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். டயர் பஞ்சர் என்று சிலர் இறங்கிப் பார்த்தார்கள். இன்ஜினைத் திறந்து பார்த்தார்கள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. இன்னொரு டிரைவர் வந்து வண்டியை எடுத்துப்போனார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டிய கெளப்ப முடியல, கஸ்தூரி," என்றார். "சாவிய திருப்பணும்னு தெரியுது. கை போவல."

முதலில் நாங்கள் போனது பக்கத்துத் தெரு டாக்டரிடம். சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நல்ல ரிப்போர்ட் வந்ததற்கு அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஏதாவது ஒன்று கூடவோ குறையவோ இருந்திருந்தால் அதற்கு ஒரு மாத்திரை இருந்திருக்கும். அந்த டாக்டர் ஒரு டானிக் எழுதிக்கொடுத்து, ஊருக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார். நல்லவேளையாக, அடுத்த முறை போனபோது அவரே, "இதை நான் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது" என்று விமான் நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த கிளினிக்கும் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கும் ஒரே நடைபாதையில் இருந்தன. உட்காரும் நாற்காலிகளும் பொது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கன்னத்தில் கைவைத்திருந்ததைப் பார்த்தேன். முதலில் எனக்குப் புரியவில்லை. எங்கள் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் லிஃப்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்ததும் என் கையும் தானாகக் கன்னத்துக்குப் போனது. "பல் வலியா?" என்றார். "ஆமாம்" என்றேன். அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். எங்கள் முறை வந்து உள்ளே போகும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர் பொறுமையானவர். இந்தியில் கேட்டார். இவர் இந்தியில் பதில் சொன்னார். இவருடைய இந்தி டிரைவர் இந்தி. வழி கேட்கலாம், டோல்கேட்டில் சண்டை போடலாம், டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லலாம். மனதுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அதில் இடமில்லை. எல்லாக் கேள்விக்கும் "டீக் ஹை", அதாவது பரவாயில்லை, என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பார்த்ததை நான் சொன்னேன்: தூக்கம், சாப்பாடு, ஹைவே ஓரத்தில் நின்ற பஸ். அவருக்குள் இருந்ததை நான் எப்படிச் சொல்ல முடியும்?

டாக்டர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். இது சோம்பேறித்தனமோ கோழைத்தனமோ இல்லை. மூளையில் மனநிலையையும் தூக்கத்தையும் ஆசையையும் நடத்துகிற பகுதிகள் தடுமாறிப்போகிற நோய். மாத்திரை சாப்பிட்டதும் மறுநாளே தெளியாது, வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நிறுத்தக் கூடாது. இன்னொன்றையும் சொன்னார், அதை நான் மறக்கவேயில்லை. மனது தேறுவதற்கு முன்னால் சிலருக்கு உடம்பில் தெம்பு வந்துவிடும். அந்தச் சமயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கேட்கவில்லை. எப்படி வாய் வரும்?

கேட்பதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். எங்கள் செக்ஷனில் ஒரு கட்டடத்துக்குள் நுழையும் முன் ஆபத்தான பொருள் ஏதாவது இருக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் பார்ப்போம். அதே கண்ணோடு வீட்டைச் சுற்றி வந்தேன். எதையெதை அகற்றினேன் என்று எழுதப்போவதில்லை. மாத்திரைகளைக் கீழ்வீட்டில் கொடுத்து வைத்தேன், வேளைக்கு வேளை வாங்கிக் கொடுத்தேன். அதெல்லாம் சரிதான், டாக்டர்களும் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். நான் அதோடு நிற்கவில்லை. எங்கள் கட்டடங்களில் சத்தமாகப் பேசக் கூடாது, எதையும் கீழே போடக் கூடாது, இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். வீட்டிலும் அப்படியே நடக்க ஆரம்பித்தேன். பாத்திரம் உருளாமல் கழுவினேன். டிவியைப் போடவில்லை. அவரோடு சண்டை போடுவதை நிறுத்தினேன். பால்காரனிடம்கூட மணி அடிக்காதே என்றேன்.

அவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் நாற்காலியைத் தூக்கிச் சத்தமில்லாமல் வைத்தபோது சொன்னார்:

"நான் இன்னா பட்டாசா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கியிருக்கக் கூடாது.

ஊரிலிருந்து கொழுந்தன் தினமும் ஃபோன் செய்தான். "அண்ணி, அண்ணன இங்க இட்னு வாங்க. கோயில்ல மூணு வாரம் தங்க வெச்சா தெளிஞ்சிடுவாரு. அந்த மாத்திரையெல்லாம் துன்னா பழக்கமாய்டும்." அவன் நல்லவன். அண்ணன் மேல் உயிர். ஆனால் ஃபோனை வைத்த பிறகு இவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார். எங்களுக்குப் பிள்ளையில்லை; அதுதான் காரணம் என்று இன்னும் சிலர் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லத் தெம்பில்லாமல் ஃபோனை அணைத்துவைத்த நாட்களும் உண்டு.

பகலில் நான் வேலைக்குப் போயாக வேண்டும். அவர் சம்பளம் நின்றுவிட்டது. என் வேலையில்தான் வீட்டு வாடகையும் மருத்துவத் திட்டமும் ஓடின. எங்கள் கட்டடங்களில் தனியாக ஒரு ஆள் உள்ளே இருக்கக் கூடாது என்று ஒரு விதி. அந்த விதியைத் தெரிந்தவள், தினமும் காலை அவரை வீட்டில் தனியாக விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனேன். கீழ்வீட்டு ஷிண்டே வஹினியிடம் மட்டும் சொல்லி வைத்தேன். வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. பிளவுஸ் தைப்பவர். பகல் முழுக்க அவருடைய மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கும் வேலை இருக்கிறது, எத்தனை முறை மாடிக்கு ஏறுவார்?

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து கேட்டில் ஃபோனை எடுத்து ஆன் செய்தேன். அது உயிர் பெறும்வரை வரும் அந்தச் சின்ன நேரத்தில் நான் மூச்சு விடுவதில்லை. தவறிய அழைப்புகள் என்று வரிசையாகக் குறுஞ்செய்திகள் வந்தன. தெரியாத நம்பர். எல்லாம் ஒரே நம்பர். திருப்பி அடித்தேன். மராத்தியில் ஒரு வயதான பெண்குரல். கடக்வாஸ்லா அணைக்கரையில் சோளம் சுட்டு விற்கிறவள் என்றாள். "உன் ஆள் இங்கே இருக்கிறார். காலையிலிருந்து கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் யார் என்று கேட்டு நம்பர் வாங்கினேன். எத்தனை முறை அடித்தாலும் உன் ஃபோன் அணைந்தே கிடந்தது. என் கூடையில் இருக்கிற சோளத்துக்குத் தோல் உரிக்க உட்கார வைத்திருக்கிறேன். நீ வா."

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னதும் வஹினி மெஷினை அப்படியே விட்டுவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சிக்னலிலும் என் மடியில் இருந்த என் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் உரித்த சோளத் தோல் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தன்," என்றார். அந்த அம்மாள் காசு வாங்க மறுத்துவிட்டாள். ஆளுக்கொரு சோளம் கொடுத்து அனுப்பினாள். திரும்பும்போது ஆட்டோவில், வஹினிக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில், டாக்டர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

"சாவணும்னு நெனச்சீங்களா?"

அவர் கையிலிருந்த சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ ஒரு பாலத்தைத் தாண்டியது.

"ஆமா," என்றார். அப்புறம், "எனக்கே பயமா கீது, கஸ்தூரி. ஒனக்கு ஃபோன் போட்லாம்னு பாத்தன். ஒன் ஃபோன் கேட்ல தூங்கும்."

வஹினிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டோக்காரரிடம், வீட்டுக்கு வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்.

ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு கடைசி மாடியில் இருந்தது. ஜன்னல்களுக்குக் கம்பி. கூட ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும் என்றார்கள். மற்ற வார்டுகளில் நோயாளியைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு கூட்டம் வரும். அந்த மாடிக்கு லிஃப்டில் வருகிறவர்கள் கடைசிவரைக்கும் எந்த மாடி என்று சொல்லாமல் நிற்பார்கள். நான் லீவில் இருந்தேன். லீவு தீர்ந்ததும் என் செக்ஷன் பெண்கள் எனக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார்கள். என்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வஹினி பகலில் வந்து கூட இருந்தார். பாக்கரி என்னும் சோள ரொட்டியும் பூண்டுச் சட்னியும் துணியில் கட்டிக்கொண்டு, கைத்தையலையும் எடுத்துக்கொண்டு வருவார். இவருடைய கட்டிலோரம் உட்கார்ந்து, மராத்தியில் தன் ஓரகத்தியைத் திட்டித் தீர்ப்பார். இவர் கேட்டுக்கொண்டு கிடப்பார். பதில் எதிர்பார்க்காமல் பேசுகிற ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய உபகாரம் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

மாத்திரையை மாற்றினார்கள். இரண்டாவதும் பிடிக்கவில்லை. மூன்றாவதைச் சேர்த்தார்கள். சோற்றைக் குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்ட வேண்டியிருந்தது. தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தபோது, பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கரண்ட் வைக்கும் சிகிச்சை என்று வெளியில் சொல்வார்களே, அதைப் பற்றிப் பேசினார். சினிமாவில் வாயில் துணியைத் திணித்து ஆளைக் கட்டிப்போட்டு வைப்பார்களே, அதுதான் கண்ணில் வந்தது.

அது அப்படி இல்லை என்றார். முதலில் மயக்க ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள். தசைகள் இளக இன்னொரு ஊசி. தலையில் சில நொடி மட்டும் சிறிய அளவில் மின்சாரம் போகும். அதனால் மூளையில் கட்டுக்குள் ஒரு வலிப்பு வரும். உடம்பு அநேகமாக அசையக்கூட அசையாது. அவருக்கு வலி தெரியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பல தடவை வைக்க வேண்டும். கடுமையான மனச்சோர்வுக்கு, அதுவும் சாப்பிடாமல் உயிருக்கே ஆபத்தாகும்போது, பெரும்பாலும் பலன் தரும். தலைவலி வரும், விழித்ததும் கொஞ்ச நேரம் குழப்பம் இருக்கும், சில நினைவுகள் போகலாம், சில திரும்பி வராமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

இவரிடம் சொன்னேன். "எது மறந்துபோவும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கையெழுத்து எங்க போடணும்?" என்றார்.

முந்தின இரவிலிருந்து பட்டினி. காலையில் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். என் தாலியைப் பிடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலையில் தாலிச் சரடைக்கூடத் துணியில் சுற்றி ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போவோம். அதைக் கைநிறையப் பிடித்துக்கொள்ள எனக்கு அந்த பெஞ்ச்தான் கிடைத்தது. சீக்கிரமே முடிந்துவிட்டது. இவர் கண் விழிக்கும்போது நர்ஸ் மராத்தியில் பெயர் கேட்டார், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் தமிழில் பதில் சொன்னார். நர்ஸ் குழப்பம் என்று எழுதப்போனார். நான் உள்ளே எட்டிப் பார்த்து, "சரியாகத்தான் சொல்கிறார்" என்றேன். "ஆஸ்பத்திரில கீறன், தல வலிக்குது, அவள இட்னு வாங்க," என்று அவர் சொல்லியிருந்தார்.

நாலைந்து தடவைக்குப் பிறகு ஒரு காலை, வஹினி கொண்டுவந்த சட்னியில் உப்பு ஜாஸ்தி என்றார். வஹினிக்கு மொழிபெயர்த்தேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. சிகிச்சை பலித்தது என்று டாக்டர்கள் சொல்வதற்கு முன்பே நாங்கள் இருவரும் தெரிந்துகொண்டோம்.

ஆனால் போனவை போனவைதான். அவர் அப்பாவின் காரியத்துக்கு நாங்கள் ஊருக்குப் போய் வந்த பயணம் முழுக்க அவர் நினைவில் இல்லை. எங்கள் கல்யாண நாளுக்குப் போன வருஷம் நான் எடுத்துக்கொடுத்த சட்டையைப் பார்த்து யாருடையது என்று கேட்டார். கடக்வாஸ்லா பாதிதான் நினைவிருக்கிறது. தண்ணீர் நினைவில் இல்லை, சோளத் தோல் மட்டும். அந்த அளவுக்கு விட்டதே என்று இருந்தது.

சிகிச்சை நடக்கும்போதே நான் ஒன்றை விடாமல் கேட்டேன்: தமிழில் பேச ஒரு ஆள் வேண்டும். அங்குமிங்கும் விசாரித்து, வேறொரு இடத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் அபர்ணா என்ற ஆலோசகரைப் பிடித்துக்கொடுத்தார்கள். சின்னப் பெண். புனேயிலேயே பிறந்தவள். அவள் தமிழைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. "அண்ணா, உங்களுக்கு உள்ளே எப்படி... பாரி... பாரி என்றால்..." என்று தமிழ் வார்த்தை கிடைக்காமல் தடுமாறினாள்.

"பாரமாவா?" என்றார் இவர்.

"ஆமா, பாரமா. இல்லேன்னா காலியா?"

அவர் யோசித்தார். "பாரம் இல்லம்மா. பாரம்னா எறக்கி வெக்கலாம். இது வெறும் வூடு மாதிரி. ஆளுங்க காலி பண்ணிட்டுப் போன வூடு."

நான் வெளியே வந்துவிட்டேன். கதவுக்கு அந்தப்பக்கம் அவள் வார்த்தை தேடுவதும் இவர் எடுத்துக்கொடுப்பதும் கேட்டுக்கொண்டிருந்தது. என்னிடம் மாதக்கணக்கில் சொல்லாததை அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் முன் அபர்ணா எங்கள் இருவரையும் உட்காரவைத்தாள். இது திரும்பி வரலாம், வரும்போது என்ன செய்வீர்கள் என்று அவரைக் கேட்டாள். அவர் என்னைக் காட்டினார்.

"இவளதான் கூப்புடணும். இவ ஃபோன் கேட்ல கெடக்கும்."

"அப்போ வேற யார்?"

"கீழ்வூட்டு வஹினி. ஆனா அவங்ககிட்ட போயி எப்டி சொல்றது? ஆம்பள போயி, எனக்கு மனசு சரியில்லன்னு?"

"இதே மாதிரி. இப்போ சொன்னீங்க இல்ல?"

என் பங்குக்கும் ஒன்று இருந்தது. கேட்டில் ஒரு லேண்ட்லைன் உண்டு. அவசரம் என்றால் உள்ளே ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள். அதற்கு என் ஃபோர்மேனிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும். பல் வலி என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு நேராகச் சொன்னேன்: வீட்டுக்காரருக்கு மனச்சோர்வு நோய், ஆஸ்பத்திரியில் இருந்தார், எனக்கு ஃபோன் வந்தால் உடனே விட வேண்டும். அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். "என் தம்பிக்கு இருந்தது," என்றார் மராத்தியில். "இருந்தது" என்று அவர் சொன்ன விதத்தில், மேலே நான் எதுவும் கேட்கவில்லை. அன்றே கேட்டில் சொல்லிவைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகான மாதங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மாத்திரை. நடை. வாரம் ஒருமுறை அபர்ணா. பில்களைத் திட்டத்தில் வாங்க அலைந்தது தனிக் கதை. பஸ் வேலை போய்விட்டது. வஹினிக்குத் துணி வாங்கப் போகவர ஸ்கூட்டர் ஓட்டினார். சில நாட்கள் பேசினார், சில நாட்கள் பழைய மாதிரி கூரையைப் பார்த்தார். நாற்காலியை நான் இழுத்தே போட்டேன். பாத்திரத்தை உருட்டினேன். ஒருநாள் கறிக்கடையில் நெஞ்செலும்பு கேட்க மறந்து வந்ததற்கு நன்றாகச் சண்டை போட்டேன். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டில் ஃபோன் உயிர் பெறும்வரை நான் மூச்சு விடுவதில்லை. அது மட்டும் மாறவில்லை. கேட்டால் இப்போதும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னார். உண்மையிலேயே ஒன்றுமில்லையா, அந்தப் பழைய ஒண்ணுமில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒருநாள் சங்கு ஊதியது. குடைகளுக்கு நடுவே நுழைந்து ஃபோனை எடுத்து ஆன் செய்தேன். தவறிய அழைப்புகள். அடுக்கடுக்காக. எல்லாம் அவர் நம்பர்.

விரல் வழுக்கியது. மழைத்தண்ணீரா வியர்வையா தெரியவில்லை. அடித்தேன். மணி போனது. எடுத்தார்.

"இன்னாங்க? எங்க கீறீங்க?"

"பயப்படாத," என்றார். குரல் தேய்ந்திருந்தது. பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "வஹினி வூட்ல ஒக்காந்துகினு கீறன். காலைலர்ந்து எனக்குச் சரியில்ல, கஸ்தூரி. அது வந்துடுச்சி. ஒனக்கு அடிச்சன், ஸ்விட்ச் ஆஃப்னு அந்தப் பொம்பள மராத்தில சொன்னா. தெரியும். இருந்தும் அடிச்சன். அப்பால எறங்கி வந்து வஹினிகிட்ட சொன்னன். அவங்க பட்டன் தெக்கக் குடுத்துகிறாங்க."

"கேட்டுக்கு அடிச்சிருக்கலாமே."

"அவசரம் இல்ல. நீ ஓடியாந்துடுவ. ஆனா சரியில்ல. நீ வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நான் அலமாரிச் சுவரில் சாய்ந்து நின்றேன். அழுகை நிற்கவில்லை. பின்னால் ஃபோன் எடுக்க வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பெண் காவலர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"காய் ஜாலா?" என்ன ஆச்சு என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர் உடம்பு சரியில்லை என்று சொல்கிறார்," என்றேன் மராத்தியில்.

அவர் பதறி, ஆட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம். அதைப் பிறகுதான் சொன்னார். அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்:

"சொன்னார். அவரே சொன்னார்."